திருகோணமலையில் நிற்கும் போர்க்கப்பலை ஐ.நா. பதிவேட்டில் தேடுவது எப்படி?

உட்துறைமுகப் பக்கம் போகும் எவருக்கும் கடற்படைக் கப்பல்கள் கண்ணில் படும். அவை எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டில் வந்தன, விலைக்கா நன்கொடையாகவா என்று அறியக் கடற்படைத் தளத்தின் வாசலுக்குப் போகத் தேவையில்லை. படம் எடுக்கவே வேண்டாம். வெளியான ஆவணங்களே போதும்.

முதலில் கப்பலின் எடையைப் பாருங்கள். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய மரபுசார் ஆயுதப் பதிவேடு, நாடுகள் தாங்கள் கொடுத்த, வாங்கிய ஆயுதங்களை ஆண்டுதோறும் அறிவிக்கும் இடம். அது முக்கியமாக ஏழு வகைக் கனரக ஆயுதங்களையே கேட்கிறது. போர்க்கப்பல் 500 தொன்னுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், 25 கிலோமீற்றர் பாயும் ஏவுகணையோ அதே அளவு ஓடும் டோர்பிடோவோ ஏவக்கூடியதாக இருக்க வேண்டும். கடற்படையின் வேகத் தாக்குதல் படகான டோரா 100 தொன்னைக்கூட எட்டாது. இந்தக் கரையில் டோராவை அறியாத மீனவர் இல்லை. ஆனாலும் அந்த வகையில் அதற்கு இடமில்லை. எங்களுக்கு இது சின்ன ஓட்டை அல்ல.

எடை சரியென்றால், கொடுத்த நாட்டின் அறிக்கையில் தொடங்குங்கள். வாங்கிய நாடு அறிக்கையே அனுப்பாமல் விட்டிருக்கலாம். பெற்ற நாடு, எண்ணிக்கை, உற்பத்தியான நாடு, இடைவழி இடம் என்ற நிரல்களைத் தாண்டி, கடைசியில் உள்ள குறிப்பு நிரலையும் படியுங்கள். கப்பலின் வகை அங்கேதான் இருக்கும். நன்கொடையும் கைமாற்றமே, பணம் கைமாறாததால் பதிவாகாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அதிகம் பிழைப்பது ஆண்டில்தான். அமெரிக்கக் கரையோரக் காவல்படையிடமிருந்து வந்த ‘கஜபாகு’ 2018இல் கையளிக்கப்பட்டு, 2019இல் இலங்கை வந்தது. ஒரு நாடு உரிமை மாறிய நாளை எடுக்கும், இன்னொன்று வந்து சேர்ந்த நாளை. ஆகவே முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துத் தேடுங்கள். பிறகு ஸ்டொக்ஹோமின் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் ஆயுதக் கைமாற்றத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். அங்குள்ள மதிப்பு எண் விலையல்ல, படைத்திறனின் அளவு. அதை டொலராக எழுதினால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

கடைசியாக, நாடுகளுக்கிடையிலான ஆயுத விற்பனைக்கு விதி வைக்கும் ஆயுத வர்த்தக உடன்படிக்கை. 2013இல் பொதுச்சபையில் 154 நாடுகள் ஆதரித்தபோது இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது. உடன்படிக்கையில் சேரவும் இல்லை. ஆனாலும் 6ஆம், 7ஆம் உறுப்புரைகளின்படி மனித உரிமை ஆபத்தை மதிப்பிடும் கடமை ஏற்றுமதி செய்யும் உறுப்பு நாட்டுக்கு உண்டு. அந்த நாடு சேர்ந்த திகதியைக் கட்டாயம் பாருங்கள்: சீனாவின் ‘பராக்கிரமபாகு’ வந்தது 2019இல், சீனா உடன்படிக்கையில் சேர்ந்தது 2020இல்.