டெல்லிக்குக் குடிபெயர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களை விட்டு டெல்லியில் குடியேறும் குடும்பங்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறு செய்கின்றன. ஓராண்டு தங்கிப் பார்த்த பின் எடுக்க வேண்டிய முடிவுகளைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். புறப்படும் முன் கையில் வாங்கியிருக்க வேண்டிய சான்றுகளையோ, போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இவற்றில் பெரிய இழப்பைத் தருவது, ஊரில் இருந்தபடியே படங்களையும் காணொளியையும் பார்த்து வீடு வாங்க முன்பணம் கொடுப்பது. நாம் பேச்சு வழக்கில் டெல்லி என்று சொல்லும் பரப்பில் டெல்லியோடு ஹரியானாவின் குருகிராமும் ஃபரிதாபாத்தும், உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவும் காஸியாபாத்தும் அடங்கும். மாநிலம் மாறினால் வாகனப் பதிவு, முத்திரைத்தாள் கட்டணம், மின் கட்டணம், பள்ளிச் சேர்க்கை விதி எல்லாமே மாறும். நொய்டாவில் வீட்டை வாங்கிவிட்டு குருகிராமில் வேலைக்குச் செல்பவர், போக்குவரத்து மிகுந்த காலை வேளையில் யமுனையைக் கடந்து நகரின் மறுகோடிக்குப் போக வேண்டும். அந்த அலைச்சல் ஒரு மாதத்திலேயே உடம்பைத் தளர்த்திவிடும். அலுவலகத்தையும் பள்ளியையும் முதலில் உறுதிசெய்து, அவற்றை இணைக்கும் மெட்ரோ தடத்தின் அருகே வாடகைக்குக் குடியேறுவதே சரி.

வாடகை வீட்டையும் ஒரே பருவத்தில் பார்த்து எடைபோட முடியாது. மார்ச் மாதத்தில் காற்றோட்டமாகத் தோன்றும் மேல்மாடி வீடு மே மாதத்தில் அனலாகிவிடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், நண்பகலில் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கோடையில் குளுமையாக இருந்த தரைத்தளத்து அறையோ, வெயில் எட்டிப் பாராத டிசம்பரில் ஈரம் கோத்துச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அக்டோபர் இறுதியிலிருந்து சில மாதங்களுக்குக் காற்று மிக மோசமாகிவிடுவதால், ஆஸ்துமா உள்ள முதியவரோ குழந்தையோ வீட்டில் இருந்தால், அந்த நாட்களை அங்கே ஒருமுறை கழித்துப் பார்க்காமல் நிரந்தர முடிவு எடுக்கவே கூடாது. வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, மோட்டாரை யார் போடுகிறார்கள் என்பதைத் தரகரிடம் கேட்பதைவிடக் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்பது நல்லது.

வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினொரு மாதத்துக்கே போடப்படும். ஓராண்டைத் தாண்டும் குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதே இதற்குக் காரணம். இடையில் காலி செய்தால் முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். வாடகைதாரர் குறித்த காவல்துறைச் சரிபார்ப்பையும் வீட்டு உரிமையாளர் செய்திருக்க வேண்டும்.

சாமான்களை ஏற்றும்போது, தொலைபேசியில் சொன்ன குறைந்த தொகையை நம்பிவிடாதீர்கள். ஆள் நேரில் வந்து ஒவ்வொரு பொருளையும் பார்த்து, பட்டியலோடு விலையை எழுதித் தர வேண்டும். அப்படி இல்லையென்றால், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தள்ளி லாரி நிற்கும்போது கூடுதல் பணம் கேட்டால் மறுக்க வழியிருக்காது. காப்பீட்டுக்கென்று தனியே பணம் வாங்கினால், காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகை, சொத்துப் பத்திரம், சான்றிதழ்கள் எதுவும் லாரியில் போகக் கூடாது.

வாகனத்தில் நேரும் தவறு பலருக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை; வண்டி மீது கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள்கால வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்பதால், வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் டெல்லியில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நீதிமன்ற உத்தரவுகளால் அவை மாறிவருகின்றன. பழைய வண்டியை ஏற்றி அனுப்பும் முன் அன்றைய நிலையை விசாரியுங்கள்.

பிள்ளைகளின் படிப்பில் நாட்காட்டியே குறுக்கே நிற்கும். நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கும்போது, அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலிலேயே பாடம் தொடங்கியிருக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நேரடியாகச் சேர்வது எளிதன்று. ஒன்பதாம் வகுப்பையோ பதினொன்றாம் வகுப்பையோ தொடங்கும்போதே மாறிவிடுவது நல்லது. வேறு மாநிலத்துக்குப் போகும் மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். தமிழையும் தொடர்ந்து படிக்க விரும்பினால், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, லோதி எஸ்டேட் போன்ற பகுதிகளில் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று, வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.