குழந்தைகள் வார்டில் செவிலியர் முடிவெடுப்பது எப்படி: கைக்குழந்தை முதல் வளரிளம் பருவம் வரை

நிமிடத்துக்கு 48 முறை மூச்சு. ஒரு மாதக் குழந்தை அமைதியாகப் படுத்திருக்கும்போது இந்த எண் வந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாதவரை, பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு வந்தால் நிமோனியாவாக இருக்குமோ என்று நெஞ்சைக் கவனிக்க வேண்டும். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். பெரியவர்கள் வார்டிலிருந்து குழந்தைகள் வார்டுக்கு மாறிவரும் செவிலியர் முதலில் பழக வேண்டியது இதுதான்: எண்ணைப் பார்ப்பதற்கு முன் வயதைப் பார்ப்பது.

குழந்தையைத் தொடுவதற்கு முன்பே, கட்டிலிலிருந்து சில அடி தள்ளி நின்று மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது குழந்தையின் விழிப்பு. அதாவது, நம்மைக் கவனிக்கிறதா, தாய் தேற்றினால் அடங்குகிறதா, கைகால்கள் துவண்டு கிடக்கின்றனவா என்பது. இரண்டாவது மூச்சுக்காக அது படும் பாடு. மூக்குத் துளைகள் விரிவதும், விலா எலும்புகளுக்கு இடையில் சதை உள்வாங்குவதும், ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் முனகல் வருவதும் எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும். மூன்றாவது தோலின் நிறம். இம்மூன்றையும் பார்க்க அரை நிமிடம் போதும். குழந்தை தாயின் மடியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். கட்டிலில் கிடத்தியவுடன் அழத் தொடங்கினால் மூச்சு எண்ணிக்கையும் நாடித்துடிப்பும் நம்பத்தக்கவையாக இரா.

மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தைகளின் மூச்சு சீராக இராது என்பதால், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பதினோரு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு. ஆனால் வேகமாக மூச்சுவிட்ட குழந்தையின் எண்ணிக்கை திடீரென்று குறைவதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கண் தெளிந்து விளையாடத் தொடங்கியிருந்தால் அது முன்னேற்றம். எண்ணிக்கை குறைந்து குழந்தையும் சோர்ந்து கிடந்தால், மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன என்று பொருள்.

இரத்த அழுத்தமும் இப்படித்தான் ஏமாற்றும். உடலில் நீர் குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும், குழந்தையின் உடல் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்தும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தை நெடுநேரம் தாக்குப்பிடிக்கவைக்கிறது. ஒன்று முதல் பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி அதனுடன் 70 கூட்டினால் இதயம் சுருங்கும்போது பதிவாகும் மேல் அழுத்தத்தின் கீழ் எல்லை கிடைக்கும்; நான்கு வயதுக் குழந்தைக்கு அது 78. அழுத்தம் அதற்குக் கீழே போகும்வரை காத்திருந்தால் வெகுவாகத் தாமதித்துவிட்டோம் என்றே பொருள். அதற்கு முன்பே உள்ளங்கை குளிர்ந்திருக்கும்; தோலை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும்; சிறுநீர் குறைந்திருக்கும்.

இனி, ஒரே செவிலியரிடம் நான்கு குழந்தைகள் இருக்கும் ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரக் குழந்தைக்கு 38.1 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். பால் குடிக்காமல் தூங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்த நான்கு வயதுச் சிறுமி வலியில் உரக்க அழுகிறாள். ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவனின் நெஞ்சில் சற்று முன்வரை கேட்ட விசில் ஒலி இப்போது கேட்கவில்லை. அவன் பேசாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பதினைந்து வயதுப் பெண், “உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்” என்கிறாள்.

அழுகைச் சத்தம் நம்மைச் சிறுமியிடம் இழுக்கும். ஆனால் உரக்க அழ முடிகிற குழந்தைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது. முதலில் போக வேண்டியது அந்தச் சிறுவனிடம். விசில் ஒலி நின்றது, காற்றே உள்ளே போகாததால் இருக்கலாம். ஆக்சிஜன் வைத்து, உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். அடுத்தது ஆறு வாரக் குழந்தை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்பது தீவிரத் தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கக்கூடும். அதனால் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுக் காத்திருக்காமல், மருத்துவரிடம் அப்போதே சொல்ல வேண்டும். உடல் சூடு 35.5 டிகிரிக்குக் கீழே போனாலும் அதே அவசரம்தான். சிறுமியின் வலி மூன்றாவது இடத்தில் இருந்தாலும், அவளுக்கான வலி மருந்தைத் தயாரிக்கும்படி உடனிருக்கும் செவிலியரிடம் அப்போதே சொல்லிவிடலாம். பதினைந்து வயதுப் பெண்ணைக் கடைசியாகப் பார்க்கலாம் என்பது பலரும் செய்யும் தவறு. “அரை மணி நேரத்தில் வருகிறேன்; இப்போது உன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் ஏதாவது இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். இருக்கிறது என்றால் அவளைத் தனியே விடக் கூடாது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

மருந்து விஷயத்தில் எடையே எல்லாம். எடையைக் கிலோவில், அன்றே எடுத்திருக்க வேண்டும். பெற்றோர் நினைவிலிருந்து சொல்லும் எடையில் கணக்குப் போடக் கூடாது. எட்டுக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாரசிட்டமால் எழுதப்பட்டிருந்தால், கொடுக்க வேண்டியது 120 மி.கி. ஐந்து மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் ஐந்து மி.லி.; அதே ஐந்து மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் 2.4 மி.லி. பாட்டிலைப் பார்க்காமல் வழக்கம்போல ஐந்து மி.லி. கொடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். புள்ளி வைத்து எழுதும்போது 0.5 என்று முன்னால் பூஜ்யம் இட வேண்டும்; 5.0 என்று பின்னால் இடக் கூடாது. புள்ளி கண்ணில் படாமல் போனால் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

சலைன் கணக்கையும் செவிலியர் தானே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த பத்துக் கிலோவுக்கு 50 மி.லி., அதற்கு மேல் 20 மி.லி. என்பது ஒரு நாள் அளவு. பதின்மூன்று கிலோ குழந்தைக்கு 1,150 மி.லி.; மணிக்கு ஏறக்குறைய 48 மி.லி. வெளியேறும் சிறுநீரை அறிய, டயப்பரின் ஈர எடையிலிருந்து உலர் எடையைக் கழித்தால் போதும். ஒரு கிராம் ஒரு மி.லி.க்குச் சமம்.

வலியை அளக்க, பேசத் தெரியாத குழந்தையிடம் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்பதைப் பார்க்கும் ஃபிளாக் அளவுகோலும், மூன்று வயதுக்கு மேல் முகப் படங்களும், எட்டு வயதளவில் எண்களும் பயன்படும். விளையாடுகிற குழந்தைக்கு வலி இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விளையாடி வலியை மறக்கும் குழந்தைகளும் உண்டு.

பரிசோதனையில் நெஞ்சைத் தூங்கும்போதே கேட்டுவிட்டு, காதையும் தொண்டையையும் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. எச்சில் வடிய, முன்னால் சாய்ந்து, உள்மூச்சில் கரகர ஒலியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தொண்டைக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. மூச்சுப்பாதை முழுவதும் அடைத்துக்கொள்ளலாம். நான்கைந்து வயதில், தான் செய்த தப்புக்குத்தான் ஊசி போடுகிறார்கள் என்று குழந்தை நம்பும். அப்படியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “வலிக்கவே வலிக்காது” என்ற பொய் அந்த ஒரு ஊசிக்குத்தான் செல்லும். வளரிளம் பருவத்தினரிடம் பெற்றோர் இல்லாமல் பேசச் சற்று நேரம் ஒதுக்கி, அவர்கள் சொல்வதில் எதை இரகசியமாகக் காக்க முடியும், உயிருக்கு ஆபத்தோ துன்புறுத்தலோ இருந்தால் எதைச் சொல்லியாக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

“இவன் எப்போதும் இப்படி இருக்கமாட்டான்” என்று தாய் சொன்னால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், அதையும் ஓர் அறிகுறியாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். என் கருத்தில், வார்டில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் தகவல் இதுதான்.

மருத்துவரை அழைக்கும்போது குழந்தையின் வயது, எடை, இப்போது என்ன மாறியது, எந்த நேரத்தில் மாறியது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இந்த வரிசையில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். மருந்தை நுண்துளிகளாக உள்ளிழுக்கவைக்கும் நெபுலைசர் கொடுத்த பின் இருபது நிமிடத்துக்குள் திரும்பிவந்து மூச்சை மீண்டும் எண்ண வேண்டும். எண்ணிக்கை மாறாமல் குழந்தை மட்டும் இன்னும் சோர்ந்திருந்தால், மருத்துவர் சற்று முன்தான் வந்துபோனார் என்று தயங்காமல் மறுபடியும் அழைக்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் அவருக்கு மேலிருப்பவரை அழைத்து, அழைத்த நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.