ஆலையருகே குடியிருப்பு: மனைப்பிரிவு வகுக்கும் முறை

பாபநாசம் மலையடியில் பஞ்சாலை வந்தபின் விக்கிரமசிங்கபுரம் அதைச் சுற்றி வளர்ந்தது. 1949-இல் தாழையூத்தில் தொடங்கிய சிமென்ட் ஆலையை ஒட்டிச் சங்கர்நகர் எழுந்தது. வேலைக்கு நடந்து போகும் தொலைவில் வீடு இருப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இன்று பேட்டையிலோ கங்கைகொண்டானிலோ தொழிற்கூடங்களுக்கு அருகே மனைப்பிரிவு வகுப்போர், வரைபடத்தில் கோடு போடுமுன் தொழிலின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் சிவப்பு வகையில், அதாவது மிகுந்த மாசு தருவதாக, உள்ள தொழிலை வீடுகளோடு சேர்க்கவே கூடாது. மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையைத் தெருவிலேயே அனுமதிக்கலாம்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று புகையையும் தூசியையும் கிழக்கிலும் வடகிழக்கிலும் தள்ளும். ஐப்பசிக்குப்பின் வாடைக்காற்று அவற்றைத் தென்மேற்கே கொண்டுபோகும். ஆகவே ஆலைக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ வீடுகளை அமைப்பதே இங்கு ஏற்றது. மனை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால், வாங்குவோர் ஆடி மாதத்தில் ஒருமுறை அங்கே போய் நின்று பார்ப்பது நல்லது.

குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபெலையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெலையும் தாண்டக்கூடாது என்பது விதி. லேத் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே சரக்குக் கிட்டங்கிகளையும் கடைகளையும் வரிசையாக அமைத்தால் ஒலி பெரிதும் தடைபடும். வேம்பும் புங்கையும் தூசியைத் தாங்குமே தவிர ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. லாரிகளுக்குத் தனி வழி வேண்டும். கழிவுநீர் எக்காரணம் கொண்டும் பாளையங்கால்வாயையோ குளத்தையோ சேரக்கூடாது.

இவ்வளவும் ஆலையைப் பற்றியது. ஆனால் இந்தச் சீமையில் வீடே தொழிற்கூடமாக இருப்பதைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். பத்தமடையில் பாய் முடைகிறார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறார்கள். தொகுப்பு வீடு கட்டும்போது ஒரே அறையைக் கொடுத்தால், புகையிலைத் தூள் சோற்றுத் தட்டிலும் குழந்தையின் தொட்டிலிலும் படியும். எனவே அடுக்களையோடும் படுக்கையறையோடும் சேராமல், எதிரெதிரே இரு சன்னல்கள் உள்ள வேலைத் திண்ணை ஒன்றை ஒவ்வொரு வீட்டிற்கும் ஒதுக்க வேண்டும். அப்பளம் காயவைக்க மொட்டைமாடி தேவை என்பதால் அதைத் தண்ணீர்த் தொட்டிகளால் நிரப்பிவிடக்கூடாது. பாய்க்கும் தறிக்கும் அறையின் நீளமே முக்கியம். அளவை முடிவு செய்யுமுன் அந்த வேலை செய்யும் பெண்களிடமே கேட்டு, தறியை அங்கே வைத்துப் பார்த்தபின் சுவரெழுப்புங்கள்.