குல்மார்க் கிளம்பும் தஞ்சைத் தம்பிகளுக்கு

தம்பிகளே, காஷ்மீர்ப் பனிச்சறுக்கு மலையில் பனியின் அழகை அப்புறம் ரசிக்கலாம். முதலில் சரிவின் கோணத்தை அளந்து பாருங்கள். மலைப்பனி திரளாகச் சரிந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நிகழ்கின்றன. புதுப்பனி கொட்டிய மறுநாளும், காற்று பனியை அள்ளிக் குவித்த மறைவுப் பக்கமும் ஆபத்தானவை. காலடியில் ‘வூம்’ என்று பனி அமுங்கினால், உள்ளே வலுவற்ற அடுக்கு உடைகிறது. உடனே திரும்பிவிடுங்கள், வாக்குவாதமே வேண்டாம்.

பனிச்சரிவில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும்; பிறகு பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். அதனால் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், பனிமண்வெட்டி மூன்றும் ஆளுக்கொன்று அவசியம். தேடிப் பழகப் பனி தேவையில்லை. என் அக்கா மகனுக்குத் திருவையாற்றுக்கு வடக்கே, வறண்ட கொள்ளிடத்து மணலில்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு டிரான்ஸீவரை இயக்கி, டப்பாவில் அடைத்துப் புதையுங்கள், இன்னொன்றால் தேடுங்கள். குல்மார்க்கில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் கொண்டோலா கேபிள் காரில் ஏறாதீர்கள்.