தலைகீழாகக் காய்த்த ஜாதிக்காய்: டிசைன் வரைபவர் தைக்கக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை. பாலிக் புலாவ் பக்கம் போனால் மரத்திலேயே பார்க்கலாம். காய் வெடித்து, உள்ளே கொட்டையைச் சுற்றிய சிவப்புப் பத்திரி எட்டிப் பார்க்கும். அந்தக் கொப்பை வரைந்து, துணியில் அச்சடித்து வாங்கி, ஒரு பை தைத்தேன். ஆயர் ஈத்தாமில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி பிளவுஸும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பையைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, உன் மரத்துல பின்பக்கம் தலைகீழா காய்க்குதா?"

நீளத் துண்டு ஒன்றை அடியில் மடித்து, இரண்டு ஓரமும் தைத்தால் பை. இது சரிதான். ஆனால் துணி அடியில் மடிந்து மறுபக்கம் ஏறும்போது படமும் கவிழ்ந்துதானே ஏறும்? முன்னால் காய்கள் ஒழுங்காகத் தொங்கின, பின்னால் ராக்கெட் மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தன. இரண்டு துண்டாக வெட்டி அடியில் ஒரு தையல் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அந்தத் தையலுக்கும் சேர்த்துத் துணி விட வேண்டும், அவ்வளவுதான்.

வரைபவர்கள் செய்யும் முதல் தவறு இது. தலை, கால் உள்ள டிசைனை வரைந்துவிட்டு, துணிக்கும் அப்படியே தலை கால் வந்துவிட்டதை மறந்துவிடுவோம். துணி மிச்சப்பட வேண்டும் என்று தையல்காரர்கள் துண்டுகளை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கி வெட்டுவார்கள். ஒரே திசையில் ஓடும் டிசைனில் அந்த வித்தை பலிக்காது, துணி கூடுதலாகத்தான் வேண்டும். வரையும்போதே நாலு கொப்பில் இரண்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. நான் இப்போது அப்படித்தான் வரைகிறேன்.

அடுத்தது அளவு. கணினித் திரையில் பெரிதாக்கி வரைந்துகொண்டே இருந்தால் பூ எத்தனை பெரிது என்ற உணர்வே போய்விடும். உள்ளங்கை அகலப் பூ மேசைவிரிப்பில் அழகு. குழந்தையின் சட்டைக் கையில் அது அரை இதழாகத்தான் வரும். ஏ4 தாளில் நிஜ அளவில் அச்சடித்து, நாலைந்து தாளை ஒட்டி, உடம்பில் வைத்துக் கண்ணாடி முன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அசட்டு வேலைதான், ஆனால் துணிக்காசு மிஞ்சும்.

டிசைன் திரும்பத் திரும்ப வரும் விதத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டு உண்டல்லவா? டிசைன் வரைந்த ஒரே கட்டத்தை வரிசையாக அடுக்குவது நேர்ப்புள்ளி. பூக்கள் ஒன்றின் கீழ் ஒன்று நின்று, நடுவில் காலி இடம் வாய்க்கால் மாதிரி நீளமாக ஓடும். அடுத்த வரிசையைப் பாதி தள்ளி வைப்பது இடைப்புள்ளி. 15 புள்ளி வைத்து, இடைப்புள்ளியாக 8 வரை என்று அம்மா சொல்வாரே, அதே கணக்கு. வாய்க்கால் உடைந்துவிடும். ஒன்பது கட்டங்களை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் ஓட்டை எங்கே, கோடு எங்கே என்று தானாகத் தெரியும்.

அப்படியும் என் துணியில் மயிரிழை வெள்ளைக் கோடுகள் விழுந்தன. அச்சுக்கடைக்காரரைத்தான் முதலில் திட்டினேன். தவறு என்னுடையது. அங்குலத்துக்கு 150 பிக்சல் கணக்கில் 20 செ.மீ. கட்டம் என்றால் 1,181.1 பிக்சல் வருகிறது. பிக்சலில் காலே அரைக்காலே கிடையாது. அந்த மிச்சம்தான் கட்டத்தின் ஓரத்தில் கோடாகத் தெரிந்தது. 8 அங்குலம் என்று வைத்தால் சரியாக 1,200. கோடு போயே போய்விட்டது.

சரி, துணி கைக்கு வந்துவிட்டது. உடனே கத்தரி எடுக்காதீர்கள். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், அதாவது மீட்டருக்கு 5 செ.மீ. வரை. துவைத்து, காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் வெட்டு.

வெட்டும்போது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சபலம் வரும்: அழகான பூ நடுவில் விழவேண்டுமென்று காகித வடிவத்தைக் கொஞ்சம் சாய்த்து வைப்பது. செய்யாதீர்கள். பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கு நூல், கரையோடு (துணியின் நெய்த ஓரத்தோடு) நேராக ஓடுகிறது. அதற்குச் சாய்வாக வெட்டிய துணி இழுபடும். நான் அப்படி வெட்டிய பைக் கைப்பிடி ஒரு மாதத்தில் முழங்காலைத் தொட்டது. வடிவத்தில் நூல் திசையைக் காட்டும் அம்புக்குறியின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பாத்தேக் சாரோங்கை வெட்டிப் பழகுகிறவர்கள் முதலில் முழுசாக விரித்துப் பாருங்கள். கெப்பாலா என்கிற வேறு டிசைன் பட்டை ஒரு இடத்தில் இருக்கும், கவனிக்காவிட்டால் அது ஒரு கையில் மட்டும் வந்து உட்காரும்.

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 80/12 எண் ஊசி, பைக்கான தடித்த கேன்வாஸுக்கு 100/16. துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. ஒரு தையலை அயன் பண்ணாமல் அதன் குறுக்கே அடுத்த தையல் போடக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், ஒரு முறை மீறிப் பார்த்தால் புரிந்துவிடும்.

வீட்டில் ஒரே மேசையில் வரைந்து, தைத்து, சாப்பிடவும் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மஞ்சள் கறையைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். குண்டூசியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பாதி வேலையை ஊசி குத்தியபடியே மடித்து வைத்தேன். மழை மாதம், நம் ஊர் ஈரம் தெரிந்ததுதானே. மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் ஊசி இருந்த இடமெல்லாம் துருப்புள்ளி.

ஜாதிக்காய்ப் பையைப் பிரித்துத் தைக்க மனசு வரவில்லை. சௌரஸ்தா மார்க்கெட்டுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன், பின்பக்கம் இடுப்போடு ஒட்டியிருக்கும்படி.