குதிரையைப் பரிசு கொடுத்துப் பழக்குவது: வேலியோரம் தொடங்கி சேணம் வரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார் இனக் குதிரையோ மார்வாரி இனக் குதிரையோ வாங்கி வந்து கட்டிவிட்டு, "இனி என்ன செய்வது?" என்று நிற்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சவுக்கு வேண்டாம். ஒரு இடுப்புப் பை, கொஞ்சம் தீனி, நல்ல வேலி, இவை இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

வழக்கமான முறையில் குதிரை கற்பதெல்லாம் தொல்லையிலிருந்து தப்பத்தான். கடிவாளம் இழுபட்டால் வாய் அழுந்தும். நின்றால் இழுப்பு தளரும். நிதானமான கையில் அந்த முறையும் பலிக்கும். ஆனால் அதில் குதிரைக்குக் கிடைக்கும் லாபம், தொந்தரவு நின்றது என்பது மட்டுமே. பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்கிற முறையில், நாம் விரும்பியதைச் செய்தவுடன் அதற்குப் பிடித்த ஒன்று கிடைக்கிறது. அதனால் தானாகவே முன்வந்து செய்து பார்க்கிறது. அப்படி முன்வருகிற குதிரையின் மேல்தான் ஏற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உடம்பும் வயிறும்

தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பல், முதுகு, குளம்பு மூன்றையும் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் குத்தினால் எந்தக் குதிரையும் தலையை உதறும். அதை முரண்டு என்று சொல்வது அநியாயம்.

பசியோடு இருக்கும் குதிரையைப் பழக்காதீர்கள். உடம்பைப் பார்க்க அதன் இரைப்பை சிறியது. நாளின் பெரும்பகுதி எதையாவது மென்றுகொண்டே இருக்கும்படி அமைந்த பிராணி அது. வெறும் வயிற்றில் தீனியைக் காட்டினால் பறிக்கத்தான் பார்க்கும். முதலில் புல் போடுங்கள், ஆற அமரத் தின்னட்டும், பிறகு வாருங்கள்.

பரிசுக்கு ஊறவைத்த கொள்ளு ஒரு சிட்டிகை போதும். கேரட் என்றால் நீளவாக்கில் மெல்லியதாக நறுக்குங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கக்கூடும். வெல்லம் நம் ஊரில் பிரியமாகக் கொடுப்பதுதான், ஆனால் திரும்பத் திரும்பக் கொடுக்கப்போகிற பயிற்சிக்கு அது ஆகாது. சர்க்கரை மிகுந்தால் குளம்பு அழற்சி வரும் ஆபத்து உண்டு.

படி 1: ஒலிக்கு அர்த்தம் கொடுப்பது

"இதோ, இதற்குத்தான் பரிசு" என்று அந்தக் கணத்தைச் சுட்டிக்காட்ட ஒரு ஒலி வேண்டும். உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலாண்டும் மரியன் பிரெலாண்டும் அமெரிக்காவில் 1940-களில் விலங்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்த யோசனை இது. டால்பின் பழக்குகிறவர்கள் விசில் ஊதுவதும் இதற்காகத்தான். குதிரைக்கு, அழுத்தினால் 'டிக்' என்று கேட்கும் சின்ன கிளிக்கர் போதும். நாக்கால் 'டக் டக்' தட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டால் நடக்க வேண்டும் என்று பல குதிரைகளுக்கு ஏற்கெனவே பழக்கியிருப்பார்கள்.

நீங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், குதிரை அந்தப் பக்கம். கிளிக் செய்யுங்கள், பிறகு பைக்குள் கையை விடுங்கள், பிறகு கொடுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. கை முதலில் அசைந்தால் குதிரை கையைத்தான் கவனிக்கும், ஒலி வீணாகிவிடும். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்துக் கொடுங்கள். தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. உதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் எடுக்கும்.

படி 2: முகத்தைத் திருப்பி நிற்பது

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகிற படி இது. "கையால் தின்னக் கொடுத்தால் குதிரை கடிக்கப் பழகும்" என்ற புகாரும் இங்கேதான் பிறக்கிறது. கொடுத்ததால் கடிக்கவில்லை, பையை முட்டும்போது கொடுத்ததால்தான் கடிக்கிறது.

வேலியோரமாகக் குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மூக்கு பையைத் தேடி வரும். தள்ளாதீர்கள், அதட்டாதீர்கள், எட்டாத தூரத்துக்கு அரையடி விலகுங்கள். தேடிச் சலித்து ஒரு நொடி மூக்கை நேராக முன்பக்கம் திருப்பும். அந்த நொடியில் கிளிக். கையை நீட்டி, அதன் மார்புக்கு நேர் நடுவில், தலை எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே கொடுங்கள். உங்கள் உடம்பருகே கொடுத்தால் தலையும் உங்களை நோக்கியே வரும்.

இரண்டு மூன்று பரிசுக்குப் பின் குதிரை முன்னைவிட மும்முரமாக முட்டலாம், முன்னங்காலால் தரையைச் சீய்க்கலாம். பலிக்காத வழியைக் கைவிடுமுன் ஒருமுறை பலமாக முயன்று பார்க்கிறது, அவ்வளவுதான். அங்கே மனமிரங்கிக் கொடுத்தால் கால் சீய்ப்பதைக் கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். மூக்கு திரும்பும்வரை காத்திருங்கள். பிறகு 1 நொடி, 2 நொடி, 5 நொடி என்று நீட்டுங்கள். நடுநடுவே எளிதாக 1 நொடிக்கும் கொடுங்கள்.

ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். முடித்ததும் ஒரு கை புல்லைத் தரையில் போட்டுவிட்டுப் பையோடு விலகுங்கள். இன்றைக்கு இவ்வளவுதான் என்று நாளடைவில் புரிந்துகொள்ளும். இந்தப் பாடம் வேலிக்கு அப்பால் உறுதிப்பட்ட பிறகே நீங்கள் உள்ளே போக வேண்டும்.

படி 3: பந்தைத் தொடுவது

ஒரு கம்பின் முனையில் பந்தைச் செருகிக்கொள்ளுங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் குதிரைக்குச் சரியாகத் தெரியாது, எனவே பந்து நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும். இதே காரணத்தால்தான் பிரிட்டனின் தடைதாண்டும் பந்தயங்களில் தடைகளின் ஆரஞ்சு நிறக் கட்டைகளை 2022-இல் வெள்ளையாக மாற்றத் தொடங்கினார்கள்.

பந்தை முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டுங்கள். மோந்து பார்க்க வந்து மூக்கு பட்டதும் கிளிக். அடுத்து பந்தை ஓரடி தள்ளிப் பிடியுங்கள், பிறகு இரண்டடி. இப்போது பந்தைத் தொடர்ந்து நடக்கிறது. கழுத்துக் கயிற்றை இழுக்காமல் குதிரையை எங்கும் கூட்டிப்போகும் வழி கிடைத்துவிட்டது. நடக்கத் தொடங்கும்போது "நட", நிற்கப்போகும்போது "நில்" என்று சொல்லிப் பழக்குங்கள். மேலே ஏறிய பிறகு இந்த இரண்டு சொற்களும் கைகொடுக்கும்.

குளம்பு தூக்குவது, தேய்ப்பது, சேணம் வைப்பது எல்லாம் இதே போலத்தான். சேணத்தை மோந்து பார்த்தால் கிளிக், முதுகைத் தொட்டால் அசையாமல் நின்றதற்குக் கிளிக், வார் இறுக்கும்போது ஒவ்வொரு துளைக்கும் ஒரு கிளிக்.

படி 4: ஏறுவது

3 வயதுக்குக் கீழே ஏறவே வேண்டாம். முதுகெலும்பு முழுதாக வளர்ந்து முடிய 5 வயதைத் தாண்டும். ஆள், சேணம் இரண்டும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. ஹெல்மெட் இல்லாமல், கீழே அனுபவமுள்ள ஒருவர் நிற்காமல் ஏறாதீர்கள்.

உறுதியான மரப்படியில் நின்றுகொண்டு, பந்தைக் காட்டிக் குதிரையைப் படியின் ஓரமாக வரச்சொல்லுங்கள். வந்து நின்றால் கிளிக். சேணத்தைக் கையால் அழுத்துங்கள், கிளிக். வயிற்றை அதன் முதுகில் சாய்த்து இறங்குங்கள், கிளிக். எந்தக் கட்டத்தில் விலகிப் போனாலும் போகட்டும். பிடித்து நிறுத்தி ஏறினால் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததற்குப் பொருளே இல்லை. முந்தின கட்டத்துக்குத் திரும்பி, மறுபடியும் அழையுங்கள்.

ஏறி உட்கார்ந்ததும் முதல் கிளிக் சும்மா நின்றதற்கு. சேணத்திலிருந்து குனிந்து கொடுக்கும்போது ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் கொடுங்கள், கழுத்து ஒரே பக்கம் வளையப் பழகாது. பிறகு "நட". நாலு எட்டு நடந்ததும் "நில்", கிளிக்.

உங்கள் உடம்பசைவையே சைகையாக்க வேண்டுமானால் வரிசை முக்கியம்: புதிய சைகை முதலில், தெரிந்த சொல் பின்னால். மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்துங்கள், ஒரு நொடி கழித்து "நில்" சொல்லுங்கள். சில நாளில் சொல்லுக்குக் காத்திராமல் இடுப்பு தளர்ந்ததுமே நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் பழைய சொல்லை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்.

பரிசை எப்போது குறைப்பது என்று பலர் கேட்கிறார்கள். குறைக்க அவசரப்படாதீர்கள், ஒரு பரிசுக்கான வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள்: நாலு எட்டு பத்தாகட்டும், பத்து எட்டு ஒரு சுற்றாகட்டும். நடுவில் காது பின்னால் படிந்தாலோ, வாலைச் சுழற்றி அடித்தாலோ, தாடை இறுகினாலோ இறங்கிவிடுங்கள். சேணத்தைக் கழற்றி வாருக்கு அடியில் புண் இருக்கிறதா, முதுகில் சூடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் மறுநாள் மரப்படியில் இருந்து தொடங்குங்கள்.