சக்கிமுக்கி ரைஃபிள்: காசை லாக்கில் போடுங்கள்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மான் வேட்டைக்கென்று மலிவான பிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கி) தேடுபவர்கள் பலரும் குழலையும் மரத்தின் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள். சுடுவதும் சுடாததும் லாக்கின், அதாவது கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் இயங்குபகுதியின், கையில் இருக்கிறது.

பழைய துப்பாக்கி என்றால் முதலில் குழல் காலியா என்று பாருங்கள். திணிகோலை அடிவரை விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே குழலோடு ஒட்டிவைத்து அளக்க வேண்டும். கோலின் நுனி தீத்துளைக்கு (தீ குழலுக்குள் நுழையும் சிறு துளை) மிகவும் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, தொடாதீர்கள்.

காலிதான் என்று உறுதியானால், புதிய கல்லைத் தோல்துண்டு சுற்றி இறுக்கி, தீத்துளைக்கு வெளியே பற்றவைக்கும் வெடிமருந்தை இடும் மருந்துக் கிண்ணம் வெறுமையாக இருக்கும்போதே தட்டிப் பாருங்கள். வெண்மஞ்சள் பொறிகள் கிண்ணத்துக்குள்ளேயே விழ வேண்டும். கல் மோதும் எஃகுத் தகடான ஃப்ரிஸன் முகத்தில் ஆழமான பள்ளம் விழுந்தால் இரும்பு மென்மை. மறுபடி பதமேற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலைப் பாதி பின்னிழுத்து நிறுத்தி விசையை அழுத்தினால் அது விழக்கூடாது. விழுந்தால் வாங்கவே வேண்டாம், பேரமும் வேண்டாம்.

தீத்துளை ஏறக்குறைய 1.6 மி.மீ. இருக்கட்டும், கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் அமைவது நல்லது. மிகவும் தாழ்ந்திருந்தால் மருந்து துளையை அடைத்து, திரிபோல மெல்ல எரிந்து, வெடிப்பு தாமதமாகும்.

துணி சுற்றிய ஈயக்குண்டு மட்டும் சுடுவோருக்கு குழலின் உட்பள்ளங்கள் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுவது போன்ற மெதுவான முறுக்கு பொருந்தும். 48 அங்குல முறுக்கு, நீளக் குண்டுக்கும் சேர்த்துச் செய்த ஒரு சமரசம்தான். பணம் இடித்தால், மரவேலையை வாங்குபவரே முடித்துக்கொள்ளும் உதிரிபாகக் கிட் வாங்கி, மிச்சத்தில் லார்ஜ் சைலர் வகை லாக் பொருத்துவது புத்திசாலித்தனம்.